பேட்டரிக்குத் தைத்த சட்டை

காரில் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினால் வண்டி உறும வேண்டும். அதுதான் உலக வழக்கம். ஊசியம்மாவின் வண்டி 'டொக்' என்றது. கதவைத் தட்டிவிட்டு ஓடி ஒளியும் குறும்புப் பிள்ளையைப் போல ஒரே ஒரு 'டொக்'. அதற்கப்புறம் எத்தனை முறை திருகினாலும், மொய் எழுத மறந்த சம்பந்தி மாதிரி கம்மென்று இருந்தது.

அந்தச் சத்தம் தெருவுக்கே பழக்கம். எதிர்வீட்டு ஜன்னல் திரை ஒரு கண் அளவுக்கு விலகும். பக்கத்து வீட்டுக்காரர், தெரு வைத்த பெயர் ஸ்டியரிங், வாயில் பற்பசை நுரையோடு மதிலோரம் வந்து நிற்பார். வண்டி கிளம்பும் சத்தத்துக்கு எழாத தெரு, கிளம்பாத சத்தத்துக்கு எழுந்துகொள்ளும்.

ஊசியம்மாவுக்கு வேலை, வீடு வீடாகப் போய் ரத்தம் எடுப்பது. லேபிலிருந்து கொடுத்த ஐஸ் பெட்டி பின்சீட்டில், ஊசிகளும் மூடி போட்ட டியூபுகளும் பக்கத்து சீட்டில். விடிகிற நேரத்தில் கிளம்பினால்தான் சரியாக இருக்கும். காரணம், சர்க்கரை பார்க்க வேண்டியவர்கள் எல்லாரும் ராத்திரிக்குப் பிறகு ஒன்றும் சாப்பிடாமல் காத்திருப்பார்கள். பசியோடிருக்கும் சர்க்கரைக்காரரிடம் பேசிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், புலிக்கூண்டுக்குள் கையை விடுவது எவ்வளவு நிம்மதியான வேலை என்று.

இந்த வேலைக்கு அவள் லேசில் வந்துவிடவில்லை. அதற்கு முன்னால் பல வருஷம் லேபின் உள்ளறையில், முதலாளியம்மாவின் கண்ணுக்கு நேரே உட்கார்ந்து, டியூபுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள். ஜன்னல் இல்லாத அறை. இருமினால்கூட "என்ன?" என்று கேட்கும் முதலாளி. அங்கிருந்து தப்பித்து வந்த இடம் இந்தக் காலை ரவுண்டு. தன் வண்டி, தன் பாட்டு, தலைக்கு மேலே யாரும் இல்லாத சில மணி நேரம். அதற்குத்தான் இந்த 'டொக்' உலை வைத்துக்கொண்டிருந்தது.

"ஏங்க..." என்றாள், வீட்டைப் பார்த்து. கத்தவில்லை. கத்துகிற கட்டத்தையெல்லாம் அவள் தாண்டி வந்து நாளாகிவிட்டது.

கணவர் கெட்டிலில் வெந்நீரோடு வந்தார். தயாராக வைத்திருந்திருக்கிறார். அதுவே அவளுக்கு எரிச்சலைக் கிளப்பியது. வண்டி கிளம்பாது என்று முன்கூட்டியே தெரிந்து வெந்நீர் போடத் தெரிந்த மனுஷனுக்கு, அது ஏன் கிளம்பவில்லை என்று பார்க்கத் தோன்றவில்லை.

தெருவில் அவருக்கு டேங்க் என்று பெயர். ஊருக்குக் குடிதண்ணீர் ஏற்றும் மேல்தொட்டிக்கு அவர்தான் காவல், மோட்டார், வால்வு எல்லாம். வடிவத்தைப் பார்த்து வைத்த பெயர் என்று சொல்பவர்களும் உண்டு. அதையும் மறுப்பதற்கில்லை.

"தள்ளும்மா, தள்ளு. பானட்டைத் திற."

பானட்டைத் திறந்தால் பேட்டரி சட்டை போட்டுக்கொண்டிருந்தது.

புதிதாகப் பார்ப்பவர்கள் திகைப்பார்கள். அரக்கு நிற ரெக்ஸினில், ஓரத்துக்கு மஞ்சள் பட்டி வைத்து, முன்பக்கம் பித்தான் போட்டு, பக்கத்துக்குப் பக்கம் கச்சிதமாகத் தைத்த சட்டை. மேலே இரண்டு முனைகளும் தலை நீட்ட வட்டமாக இரண்டு ஓட்டை, நடுவில் தூக்கித் திறக்க ஒரு மடிப்பு. தைத்தது டேங்க்கின் அக்கா, ஊசியம்மா அண்ணி என்று கூப்பிடும் நாத்தனார். புருஷன் கப்பலில் வேலை பார்ப்பதால் தையல் மெஷினும் தானுமாகத் தம்பி வீட்டு முன்னறையில் குடியிருப்பவர். அந்த வீட்டில் ரிமோட்டுக்குச் சட்டை உண்டு, மிக்ஸிக்கு உண்டு, பிரிட்ஜ் கைப்பிடிக்கு உண்டு, குடைக்கு ஏற்கெனவே இருந்த உறைக்கு மேலே இன்னோர் உறை உண்டு. அசையாமல் நின்றால் போதும், அண்ணி அளவெடுத்துவிடுவார். ஊசியம்மா சோபாவில் அதிக நேரம் கண்ணயர்வதில்லை.

சட்டையின் ஓட்டைகளுக்கு மேலே, இரண்டு முனைகளையும் பிடித்திருந்த கவ்வியின் மேல், வெள்ளையும் பச்சையுமாக உப்பு பூத்திருந்தது. பஞ்சுமிட்டாயில் பாசி பிடித்தால் எப்படி இருக்குமோ அப்படி. பால்கனித் தொட்டியில் வைத்த செடி ஒன்றுகூடப் பூக்காத வீட்டில் இது மட்டும் வாரம் தவறாமல் பூத்தது.

டேங்க் வெந்நீரை ஊற்றினார். உப்பு கரைந்து ஓடியது. கவ்வியை ஸ்பேனரால் நாலு தட்டு தட்டினார். "இப்போ போடு" என்றார். வண்டி கிளம்பியது.

"பாத்தியா? கைராசி."

"நாளைக்கும் இதே கைராசியைக் காட்டணுமாங்க? ஏன் பூக்குதுன்னு ஒருதரம் பாருங்களேன்."

"பேட்டரின்னா பூக்கும். மனுஷனுக்கு நரைக்கிறதில்லையா?"

மதிலுக்கு அப்பாலிருந்து நுரையை உமிழ்ந்துவிட்டு ஸ்டியரிங் சொன்னார்: "தங்கச்சி, கிரீஸ் வைக்கணும். நான் அப்பவே சொன்னேன்."

அவர் எதையும் அப்போதே சொல்லியிருப்பவர். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி வைத்திருக்கிறார். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்து யாரும் பார்த்ததில்லை. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து யோசனை சொல்லியே காலத்தை ஓட்டியவர். அந்தப் பழக்கம் காருக்கு வெளியேயும் தொடர்ந்தது.

அன்றைக்கு முதல் வீடு மரக்கடைக்காரர் வீடு. அவர் வாசலிலேயே நின்றிருந்தார். கையை நீட்டும்போதே பேச்சையும் நீட்டினார்.

"எனக்குக் கண்ணு இருட்டிக்கிட்டு வருது. இதோ இந்த பிஸ்கட் டப்பாவை வெறிச்சுப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கேன். நேத்து என்ன சொன்னே? டிராபிக். அதுக்கு முன்னால? டயர். இன்னைக்கு என்ன?"

"பேட்டரிங்க."

"நாளைக்கு கண்ணாடி தொடைக்கிற கம்பியா? வண்டியில இருக்கிற சாமான்லாம் ஒவ்வொண்ணா எனக்குப் பாடம் எடுக்குறே நீ."

அவர் அதோடு விடவில்லை. லேபுக்குப் போன் போட்டிருந்தார். ஐஸ் பெட்டியை இறக்கிவைக்கும்போதே முதலாளியம்மா, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, மெதுவாகப் பேசினார். அவர் மெதுவாகப் பேசினால் ஆபத்து.

"முதியோர் இல்லத்துல மொத்தமா ரத்தம் எடுக்கச் சொல்லியிருக்காங்க. வர்ற திங்கக்கிழமை. அத்தனை வயசானவங்களும் வெறும் வயித்தோட உக்காந்திருப்பாங்க. நேரத்துக்குப் போனா இனிமே மாசாமாசம் நமக்குத்தான். உன்னை அனுப்பணும்னுதான் ஆசை. ஆனா உன் வண்டிக்கு ஆசை இருக்கணுமே."

"கண்டிப்பாப் போயிடுவேன் மேடம்."

"பைக் வெச்சிருக்கிற ஒருத்தர் வேலை கேட்டு வந்திருக்கார். திங்கக்கிழமை நீ லேட்டானா, ரவுண்டு அவருக்கு. உனக்கு உள்ளே பழைய நாற்காலி அப்படியேதான் இருக்கு."

ஊசியம்மா உள்ளறையைப் பார்த்தாள். நாற்காலி அப்படியேதான் இருந்தது. மேலே லேபிள் சுருள் ஒன்று, அவளுக்காகவே காத்திருப்பது போல.

அன்று சாயங்காலம் வீட்டு வாசலில் வைத்திய சபை கூடியது. கூட்டியது யார் என்றால் யாரும் இல்லை. பானட் திறந்திருந்தது, அவ்வளவுதான். திறந்த பானட்டும் திறந்த பாத்திரமும் ஆளைக் கூப்பிடும்.

"கிரீஸ்" என்றார் ஸ்டியரிங். "கொழுகொழுன்னு. முனை தெரியவே கூடாது."

"வாஸ்லின் போதும்" என்றார் டேங்க். "உதட்டுக்குப் போடறதை இதுக்குப் போட்டா கசக்குமா?"

"நகப்பாலிஷ்" என்றார் அண்ணி, முன்னறை ஜன்னலிலிருந்து. "காத்து படாம மூடிட்டா எதுவும் துருப்பிடிக்காது. என் மோதிரத்துக்கு உள்பக்கம் அப்படித்தான் பூசியிருக்கேன். அரக்கு கலர் இருக்கு. சட்டைக்கும் பொருத்தமா இருக்கும்."

ஊசியம்மா தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"ஆளாளுக்கு மருந்து சொல்றீங்க. நோய் என்னன்னு ஒருத்தராவது கேட்டீங்களா? எங்க லேப்ல யாராவது ரத்தமே எடுக்காம ரிசல்ட் சொன்னா அவங்களை என்ன பண்ணுவோம் தெரியுமா?"

"என்ன பண்ணுவீங்க?" என்று உண்மையான அக்கறையோடு கேட்டார் ஸ்டியரிங்.

உள்ளே போய்ச் சமையல் சோடாவைத் தண்ணீரில் கலக்கி எடுத்துவந்தாள். தேய்க்கப் பழைய பல் பிரஷ் ஒன்று தேவைப்பட்டது. அந்த வீட்டில் பல் பிரஷ் எதுவும் பழையதாவதில்லை. மயிர் நாலாபக்கமும் சிலிர்த்து, காக்காக் கூடு மாதிரி ஆகிவிட்ட ஒன்றை எடுத்தாள். "அது என்னோடது, இப்போதான் வாய்க்குப் பழகியிருக்கு" என்று பிடுங்கிக்கொண்டார் டேங்க். கடைசியில் அவள் தன்னுடையதையே எடுத்துக்கொண்டு வந்தாள்.

மைனஸ் கவ்வியை முதலில் கழற்றினாள், பிறகு பிளஸ். சோடாத் தண்ணீரை ஊற்றியதும் உப்பு பொங்கி நுரைத்துச் சீறியது. தேய்த்தாள். ஈயம் மங்கலாக மின்னும் வரை தேய்த்தாள். துடைத்து, உலரவிட்டு, கவ்வியை மாட்டி முறுக்கி, மேலே மட்டும் வாஸ்லின் மெல்லிசாகப் பூசினாள். மருத்துவமனைப் படுக்கை போலச் சுத்தமாக இருந்தது.

"ரெண்டு நாள் தாங்கும்" என்றார் ஸ்டியரிங்.

தாங்கியது. அதற்கப்புறம் வாஸ்லினைக் கிழித்துக்கொண்டு பச்சை முளைத்தது. அவளுக்கு அழுகை வரவில்லை. கெட்டிலை எடுத்து ஜன்னல் வழியாக எறிய வேண்டும் போலிருந்தது. அதற்கும் அண்ணி சட்டை தைத்திருந்ததால் உடைந்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு லேப் விடுமுறை. வழக்கமாக அந்த நேரத்தில் தூங்கிக்கொண்டிருப்பாள். விடிந்தால் திங்கள் என்ற கவலையில் தூக்கம் வராமல், காபியோடு வாசல்படிக்கு வந்தாள். அப்போதுதான் டேங்க் பானட்டைத் திறந்து, சட்டையின் மேல்மடிப்பைத் தூக்கி, பேட்டரியின் மேல்மூடிகளை ஒவ்வொன்றாகத் திருகி எடுத்து, சட்டையின் மேலேயே வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் பேட்டரி தண்ணீர் கேன்.

கேனைச் சாய்த்தார். நிதானமாக, பாசமாக, குழந்தைக்குப் பால் புகட்டுவது போல முதல் துளையில் ஊற்றினார். ஊற்றினார். இன்னும் ஊற்றினார். தண்ணீர் துளையின் வாய்க்கு வந்து, வயிறு புடைத்து, விளிம்பில் தளும்பி நின்றது. திருப்தியாக அடுத்த துளைக்குப் போனார்.

"ஏங்க, எதுவரைக்கும் ஊத்துவீங்க?"

"ஃபுல்லா. வேற எப்படி?"

"எப்பவும் இப்படித்தானா?"

"வாராவாரம்." குரலில் பெருமை இருந்தது. "ஒருவாரம் விட்டதில்ல. குறைஞ்சிருந்தா என் கண்ணு பொறுக்காது."

பொறுக்காதுதான். தொட்டி ஒரு சாண் குறைந்தால் ஊரே போன் போட்டு அவர் பரம்பரையை விசாரிக்கும். தொட்டி விளிம்பைத் தொட்டு வழிந்து, வழிகிற குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டால்தான் அவர் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிப்பார். அத்தனை வருஷம் அப்படிப் பழகிய மனுஷனுக்குக் குறைவாக நிற்கும் தண்ணீர் என்றாலே குற்றம் செய்தது போலிருக்கும். தண்ணீர் கிளாஸைக்கூட அவர் நிரப்பிக் கொடுத்தால் உதட்டைக் குனிந்துதான் கொண்டுபோக வேண்டும்.

ஊசியம்மாவின் தொழில் நேர் எதிர். அவளுடைய நீல மூடி டியூபில் ஒரு கோடு இருக்கும். ரத்தம் கோட்டுக்குக் கீழே நின்றாலும் கெட்டது, மேலே போனாலும் கெட்டது. உள்ளே இருக்கிற மருந்துக்கும் ரத்தத்துக்கும் கணக்குத் தப்பிவிடும். கோட்டைப் பார்க்காமல் கை எதையும் நிரப்பாது அவளுக்கு. சமையலறையில் எண்ணெய் ஊற்றும்போதுகூட இல்லாத கோட்டைத் தேடும்.

காபியைப் படியில் வைத்தாள். போய்ப் பேட்டரிச் சட்டையின் பித்தானைக் கழற்றினாள்.

"ஏய், அக்கா தைச்சது."

"தெரியும்."

உள்ளே வெள்ளை டப்பா. பக்கவாட்டில் மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. பக்கத்திலேயே அம்புக்குறி போட்டு, கண் தெரியாதவன்கூட தடவிப் படிக்கிற மாதிரி புடைப்பாக எழுதியிருந்தது. தண்ணீரோ மேல்கோட்டைத் தாண்டி, அந்தக் கோடு இருந்த ஊரையே மறந்துபோய், உச்சியில் நின்றது. சட்டையின் உள்பக்கத்தை விரலால் தொட்டாள். ஈரம். ரெக்ஸின் அரித்துப் பிசுபிசுத்தது.

பேச வேண்டியது நிறைய இருந்ததால் எது முதலில் வருவது என்று உள்ளே தள்ளுமுள்ளு.

"கிரீஸ் வைக்கணும், வாஸ்லின் வைக்கணும், நகப்பாலிஷ் வைக்கணும்" என்றாள் கடைசியில். "வாராவாரம் நீங்க கழுத்து வரைக்கும் ஊத்துறீங்க. வண்டி ஓடுது, உள்ளே சூடாகுது, பொங்குது. ஆசிட்டுத் தண்ணி மூடி வழியா வெளியே வருது. வந்து எங்கே போகும்? பக்கத்துல இருக்கிற முனையைத்தான் தின்னும். காஞ்சாவது போகுமான்னா, அதுக்கும் வழியில்லாம மேலே ரெக்ஸின் சட்டை."

"தண்ணி ஊத்துறது ஒரு தப்பா? வத்திப் போனா பேட்டரி செத்துடும்."

"வத்தினா செத்துடும். அதுக்குத்தான் கீழ்க்கோடு. வழிஞ்சா ஊரைத் தின்னும். அதுக்குத்தான் மேல்கோடு. கோடு போட்டவன் வேலையில்லாமலா போட்டான்?"

"அவன் கம்பெனிக்காரன். கொஞ்சமா ஊத்தி சீக்கிரம் கெட்டுப்போனாத்தானே அவனுக்கு இன்னொண்ணு விக்கும்."

அவள் உள்ளே போனாள். கையுறையும், இருப்பதிலேயே பெரிய சிரிஞ்சும், அதன் முனையில் மாட்ட ஒரு துண்டு மெல்லிய குழாயும் எடுத்துவந்தாள். ஊசி இல்லாத சிரிஞ்சுதான். ஆனாலும் அவள் பேட்டரியின் மேல் குனிந்து நின்ற தோரணையைப் பார்த்து எதிர்வீட்டு ஜன்னல் திரை முழுசாகவே திறந்துகொண்டது.

"பேட்டரிக்கு ரத்தம் எடுக்குறாளா?" என்றார் ஸ்டியரிங், மதிலிலிருந்து.

"எடுக்கிறேன். அடுத்து யாருக்கு வேணும்?" என்றாள், தலையைத் தூக்காமல்.

அவர் கையை மதிலுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

ஒவ்வொரு துளையிலும் குழாயை விட்டு, மேல்கோட்டுக்குத் தண்ணீர் இறங்கும் வரை உறிஞ்சினாள். உறிஞ்சியதைச் சோடா போட்ட கண்ணாடி ஜாடியில் விட்டு, நுரை அடங்கும் வரை பார்த்திருந்தாள். மூடிகளைப் போட்டாள். மேற்புறம் முழுக்கச் சோடாத் தண்ணீரால் துடைத்தாள். மறுபடியும் முனைகளைத் தேய்த்து, முறுக்கி, வாஸ்லின் தடவினாள். முன்பே கழற்றிப் போட்டிருந்த சட்டையை விரல்நுனியில் தூக்கிக்கொண்டு போய் முன்னறை வாசலில் வைத்தாள்.

அண்ணி தையல் மெஷினை நிறுத்தினார்.

"என் தம்பி வண்டி மழையில நனையுதேன்னு தைச்சேன்."

"பானட்டுக்குள்ளே மழை வராது அண்ணி."

"அவனுக்கு வேணாம்னா அவன் சொல்லட்டும். நீ சொல்லாதே. எதுவும் அளவா இருக்கணும்மா, பேச்சும்தான். அளவுக்கு மிஞ்சினா அமிர்தமும் நஞ்சு."

"அதையேதான் அண்ணி காலையிலேருந்து உங்க தம்பிகிட்ட சொல்லிட்டிருக்கேன்."

அண்ணி சட்டையை எடுத்து உதறிப் பார்த்தார். அரித்த இடத்தைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. ஒன்றும் சொல்லாமல் மெஷினுக்குத் திரும்பினார். ஊசியம்மா அதைச் சமாதானம் என்று எடுத்துக்கொண்டாள். அந்த வீட்டில் இத்தனை வருஷம் இருந்தும் இன்னும் அப்படி எடுத்துக்கொண்டாளே என்பதுதான் வியப்பு.

"நாளைக்கு நான் கிளம்புற வரைக்கும் யாரும் வண்டியைத் தொடக்கூடாது" என்று பொதுவாக வீட்டுக்கும், மதிலைப் பார்த்துக் கொஞ்சம் உரக்கவும் சொன்னாள். சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, மறுநாளைக்கு வேண்டிய டியூபுகளை அடுக்கப் போனாள்.

திங்கட்கிழமை. தெரு விளக்கு அணைந்திருந்தது. சாவியைத் திருகினாள்.

டொக்.

அவள் ஸ்டியரிங் வளையத்தின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டாள். முதியோர் இல்லத்தின் கூடத்தில் வரிசையாக நாற்காலி போட்டு, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, பசியோடு உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரும் கண்ணுக்கு முன்னால் வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், ஜன்னல் இல்லாத அறையில், பழைய நாற்காலி.

இறங்கிப் பானட்டைத் திறந்தாள்.

பேட்டரி புதுச் சட்டை போட்டிருந்தது. நீல நிறம். காலர்கூட வைத்திருந்தார் அண்ணி. ஓட்டைகளின் வழியே எட்டிப் பார்த்த முனைகளில் மஞ்சள் கிரீஸ், கல்யாண கேக்கின் மேல் கிரீம் பிழிந்தது போல ஏறியிருந்தது. அவள் பிளஸ் கவ்வியைத் தொட்டாள். வளையல் போலச் சுற்றியது. மைனஸ் கவ்வி கையோடு வந்துவிட்டது.

"யார் தொட்டது?" என்றாள். இப்போதும் கத்தவில்லை. ஆனால் மூன்று பேரும் வந்துவிட்டார்கள்.

"நேத்து சாயங்காலம் அக்கா ஆசையாத் தைச்சுக் கொண்டுவந்தா" என்றார் டேங்க். "நீ குளிச்சிட்டிருந்தே. கவ்வியைக் கழட்டினாத்தான் சட்டை உள்ளே போகும். கழட்டிக் கொடுத்தேன். அதுக்குள்ளே மோட்டார் நின்னுடுச்சுன்னு தொட்டியிலேருந்து போன். போயிட்டேன். அண்ணன் இருக்காரேன்னு..."

"நான் வந்து பாத்தா முனை ரெண்டும் அம்மணமா நிக்குது" என்றார் ஸ்டியரிங். "கிரீஸ் வைக்க இதைவிட நல்ல நேரம் கிடைக்குமா? நல்லா அப்பி, கவ்வியை மேலே உக்கார வெச்சேன். என்கிட்ட ஸ்பேனர் இல்ல. முறுக்குறதைத் தம்பி வந்து முறுக்கிடுவாருன்னு..."

"நான் பித்தான் மட்டும்தான் போட்டேன்" என்றார் அண்ணி.

"வந்து ஏங்க முறுக்கல?"

"அண்ணன் முறுக்கியிருப்பாருன்னு" என்றார் டேங்க்.

பானட்டை ஓங்கிச் சாத்தினால் மூவரில் யாருடைய விரலாவது உள்ளே இருக்குமா என்று அவள் ஒரு கணம் பார்த்தாள். இல்லை. வேலையைத் தொடங்கினாள்.

ஸ்பேனரை முந்தைய நாள் ராத்திரியே ரத்தம் எடுக்கும் சாமான் பைக்குள் போட்டு வைத்திருந்தாள். ஊசி குத்தும் முன் கையைத் துடைக்கும் ஸ்பிரிட் பஞ்சுகளை எடுத்தாள். ஒன்று, இன்னொன்று, இன்னொன்று என்று கிரீஸை வழித்து வழித்து ஸ்டியரிங்கின் கையிலேயே கொடுத்தாள். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். முனையைத் துடைத்தாள், கவ்வியின் உள்பக்கத்தைத் துடைத்தாள், ஈயமும் ஈயமும் நேருக்கு நேர் முட்டும்படி மாட்டினாள். முறுக்கினாள். சட்டையைக் கழற்ற நேரமில்லை. நீலக் காலரோடு அப்படியே விட்டாள்.

"டயத்துக்குப் போயிடுவியாம்மா?" என்று டேங்க் மெல்லக் கேட்டார். முதல் தடவையாக அவர் கையில் கெட்டில் இல்லை. கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் தொங்கவிட்டிருந்தார்.

அவள் சாவியைத் திருகினாள். வண்டி உறுமியது. அவள் அவரைப் பார்க்காமலே சொன்னாள்: "போயிடணும்."

போய்விட்டாள். முதியோர் இல்லத்துக் கடிகாரம் அவளுக்குச் சாதகமாகக் கொஞ்சம் மெதுவாக ஓடியது என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. முன்வரிசையில் இருந்த பெரியவர் "சாவியைத் திருகினதும் கிளம்பிச்சா?" என்று கேட்டாராம். மரக்கடைக்காரருக்கு மாமா முறையாம். செய்தி அங்கேயும் போயிருக்கிறது. மாதாமாதம் அந்த வேலை லேபுக்குக் கிடைத்தது, ரவுண்டு அவளிடமே தங்கியது. பைக் வைத்திருந்தவரை முதலாளியம்மா உள்ளறையில் உட்காரவைத்தார். லேபிள் நன்றாக ஒட்டுகிறாராம்.

அன்று முதல் கார் சாவி ஆணிக்குத் திரும்பவில்லை. அவள் கைப்பையோடு சமையலறைக்கும், குளியலறைக்கும், தலையணைக்கு அடிப்பக்கத்துக்கும் போய்வந்தது. நீலச் சட்டையை மட்டும் அவள் விட்டுவைத்தாள், ஒரு நிபந்தனையோடு. கோடுகள் இருக்கும் பக்கத்தில் அண்ணி ஒரு ஜன்னல் வெட்டி, கண்ணாடிக் காகிதம் வைத்துத் தைத்துக் கொடுத்தார். மேற்புறத்தையும் காற்று போகத் திறந்துவிட்டார். பேட்டரி பூப்பதை நிறுத்திவிட்டது.

கஷ்டம் டேங்க்குக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் தண்ணீர் கேனோடு வாசலில் நிற்பார். பூட்டிய பானட்டைத் தடவுவார். அந்த ஜன்னல் வழியாகக் குறைவாகத் தெரியும் தண்ணீரை நினைத்துப் பெருமூச்சு விடுவார். ஊசியம்மாவுக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது. சாவியைக் கொடுக்கும் அளவுக்கு இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் காபியோடு வாசல்படிக்கு வந்தபோது அவரைக் காணவில்லை. மதிலுக்கு அப்பால் பேச்சுக் குரல் கேட்டது. எட்டிப் பார்த்தாள். ஸ்டியரிங்கின் பயிற்சிக் காரின் பானட் திறந்திருந்தது. டேங்க் கேனைச் சாய்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் எத்தனையோ நாள் கழித்துப் பழைய ஒளி.

"ஃபுல்லா ஊத்துங்க தம்பி" என்றார் ஸ்டியரிங். "குறைச்சலா இருந்தா எனக்குப் பிடிக்காது."

"அண்ணே, அந்தக் கோடு..." என்று தொடங்கினாள் ஊசியம்மா.

"தங்கச்சி, உன் வண்டி வேற, என் வண்டி வேற. நான் அப்பவே சொன்னேன்ல?"

அவள் காபியைக் குடித்து முடித்தாள்.

கொஞ்ச நாள் போயிருக்கும். விடியற்காலையில் ஐஸ் பெட்டியை வைத்துவிட்டு அவள் சாவியைத் திருகினாள். வண்டி ஒரே உறுமலில் கிளம்பியது. அதே சமயம் மதிலுக்கு அந்தப் பக்கம், கற்றுக்கொள்ள வந்த யாரோ ஒருவர் சாவியைத் திருகிய சத்தம் கேட்டது.

டொக்.

எதிர்வீட்டு ஜன்னல் திரை விலகியது. ஸ்டியரிங் மதிலோரம் ஓடிவந்தார், வாயில் நுரையோடு.

"தங்கச்சி, ஒரு நிமிஷம். வந்து என்னன்னு பாரேன். ஏதோ பச்சையாப் பூத்திருக்கு."

"அண்ணே, அங்கே ஒருத்தர் பிஸ்கட் டப்பாவை வெறிச்சுப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கார்" என்றாள், கியரைப் போட்டுக்கொண்டே. "உள்ளே கெட்டில்ல வெந்நீர் தயாரா இருக்கும். உங்க தம்பியை எழுப்புங்க."